டோனர் (கொழுப்பு தந்தவர்) மேல் பழி போடும் முன்: கொழுப்பு ஸ்டெம் செல் வேலையில் சில தவறுகள்

தரமணியோ கிண்டியோ, செல் கல்ச்சர் லேபில் வருஷத்துக்கு ஒருவராவது இப்படிப் புலம்பாமல் இருப்பதில்லை: “கொழுப்பிலிருந்து எடுத்த செல் குருத்தெலும்பாக மாற மாட்டேங்குது.” பெரும்பாலும், எதுவாக மாற வேண்டும் என்று சொல்லும் சிக்னல் செல்லிடம் போய்ச் சேர்ந்தே இருக்காது. கன்டாமினேஷன் (கிருமி கலப்பது), காலாவதியான மீடியம் (செல் வளரும் திரவம்) எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

வளர்ச்சிக் காரணியை டியூபுக்குத் தாரை வார்ப்பது

குருத்தெலும்புக்கு முக்கியச் சிக்னல் டிஜிஎஃப்-பீட்டா 1 அல்லது 3 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம். அது செல்லின் மேல் உள்ள ரிசெப்டரில் (சிக்னலை வாங்கும் புரதம்) போய் அமர்ந்ததும் உள்ளே ஸ்மாட் 2, 3 புரதங்களில் பாஸ்பேட் ஏறும். அவை நியூக்ளியஸுக்குள் நுழைந்து குருத்தெலும்பு மரபணுக்களை இயக்கும் சாக்ஸ் 9-ஐ முடுக்கிவிடும். மீடியத்தில் மி.லி.க்கு 10 நானோகிராம் போதும். 10 மைக்ரோகிராம் குப்பி ஒன்று ஒரு லிட்டருக்கு வரும்.

வந்த கையோடு குப்பியைத் திறந்து பிபிஎஸ் (நடுநிலை உப்புக் கரைசல்) ஊற்றுகிறார்கள். நடுநிலை பிஎச்-இல் இந்தப் புரதம் ஒழுங்காகக் கரையாது. கரைந்த கொஞ்சமும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பொடி மூடியில் ஒட்டியிருக்கும், அதனால் முதலில் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ். பிறகு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மி.லி.க்கு 1 மி.கி. பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்து, அதில் 500 மைக்ரோலிட்டர் விடுங்கள். குப்பியோடு வந்த தாள் சிட்ரிக் அமிலம் என்றால் அதையே கேளுங்கள். வோர்டெக்ஸில் (வேகமாகக் குலுக்கும் கருவி) வைக்காதீர்கள். புரதம் ஒட்டாத வகை டியூபில் 20 மைக்ரோலிட்டராகப் பிரித்தால் 25 வரும். ஒவ்வொன்றும் 40 மி.லி. மீடியத்துக்கு. மைனஸ் 80-இல் வையுங்கள். தானே பனி உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசர் ஆகாது. மே மாத மின்வெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு மாணவி மொத்தத்தையும் ஒரே டியூபில் வைத்து, மீடியம் மாற்றும்போதெல்லாம், வாரம் மூன்று முறை, உருக்கி உறையவைத்தார். 28-ஆம் நாள் பெல்லட்டை (செல் உருண்டை) வெட்டி, குருத்தெலும்பை நீலமாகக் காட்டும் அல்சியன் ப்ளூ சாயம் போட்டால் கன்ட்ரோலுக்கும் (காரணி சேர்க்காதது) அதற்கும் வித்தியாசமே இல்லை. நோட்டில் எழுதிய முடிவு: “டோனர் சரியில்லை.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நான்கு வாரம் காத்திருக்கத் தேவையே இல்லை. காரணியைச் சேர்த்து ஒரு மணி நேரத்தில் செல்லை உடைத்து, பாஸ்பேட் ஏறிய ஸ்மாட் 2-க்கு வெஸ்டர்ன் பிளாட் (குறிப்பிட்ட புரதத்தைக் கண்டறியும் சோதனை) ஓட்டினால் அன்று இரவோ மறுநாளோ தெரிந்துவிடும்.

எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லுக்கான செய்முறையை அப்படியே எடுப்பது

கொழுப்பு செல்களில் டிஜிஎஃப்-பீட்டா ரிசெப்டர் 1 குறைவு. அவை தாமே சுரக்கும் பிஎம்பி என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியும் குறைவு. பிஎம்பி-6-உம் மி.லி.க்கு 10 நானோகிராம் சேர்த்தால் ரிசெப்டர் ஏறும், பீட்டாவின் பேச்சு எடுபடும்.

சீரம்

விலங்கு இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் குருத்தெலும்பு மீடியத்தில் வேண்டாம். ஐடிஎஸ் (இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலீனியம் கலவை) போதும்.

பெல்லட்டை ஆட்டுவது

இரண்டரை லட்சம் செல், 15 மி.லி. டியூப், மூடி தளர்வாக. முதல் 24 மணி நேரம் தொடாதீர்கள்.

சிவப்பெல்லாம் எலும்பு என்று நம்புவது

இது அதே செல்லை எலும்பாக மாற்றும் வேலைக்கு. அந்த மீடியத்தில் பாஸ்பேட் தரும் பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலாரைத் தாண்டினால், செல் எலும்பாக மாறாமலேயே கால்சியம் உப்பு படியலாம். கால்சியத்துக்கான அலிசரின் சாயம் அதையும் சிவப்பாகக் காட்டும். தட்டில் செல் போடாத குழி ஒன்றுக்கும் அதே மீடியம் ஊற்றிக் கூடவே வையுங்கள். அதுவும் சிவந்தால் படத்தை கைடிடம் காட்ட வேண்டாம்.