விசிறி இரைகிறது, பிரவுசர் திணறுகிறது: எங்கே தேடுவது?

கணினியில் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. நாலைந்து டேப் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் விசிறி 'உய்ங்' என்று இரைகிறது, லேப்டாப்பின் அடிப்பக்கம் சுடுகிறது, அடித்த எழுத்து ஒரு நொடி கழித்துத்தான் திரைக்கு வருகிறது.

இந்த நேரத்தில் பலரும் கேஷை அழிப்பார்கள். போகாவிட்டால் பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண் வேலை. கேஷ் என்பது பார்த்த பக்கங்களிலிருந்து பிரவுசர் எடுத்து வைத்து, வட்டில் சும்மா கிடக்கும் கோப்புகள். அவற்றால் கணினியின் மூளையான சிபியுவுக்குச் சுமை இல்லை. புதிதாக நிறுவினாலும், உங்கள் கணக்கில் நுழைந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நீங்கள் சேர்த்த கூடுதல் கருவிகள்) வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எதையும் அழிக்கும் முன் சிபியுவை எது தின்கிறது என்று பார்த்துவிடுவோம். (செயலி என்றால் ஆப் என்று புரிந்துகொள்ளப்படுவதால் சிபியு என்றே எழுதுகிறேன்.)

படி 1: பிரவுசர்தானா?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். அங்கே ஆன்டிவைரஸோ விண்டோஸ் அப்டேட்டோ இருந்தால் பிரவுசர் மேல் பழி இல்லை. அது முடியும்வரை காத்திருங்கள்.

எண்ணைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸில் 100 என்பது எல்லாக் கோர்களும் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகள்) சேர்ந்தது. உங்கள் கணினியில் 8 லாஜிக்கல் ப்ராசஸர்கள் (விண்டோஸ் தனித்தனி கோராக எண்ணுபவை) இருந்தால், அவற்றில் ஒன்று முழுமூச்சாக ஓடினாலும் 12.5 சதவீதம்தான் காட்டும். "வெறும் 12தானே" என்று விட்டுவிடாதீர்கள். அந்த எண் அசையாமல் அங்கேயே நின்றால், ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரல்) ஒரு கோரைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். மேக்கில் கணக்கு வேறு: அங்கே 100 என்றால் ஒரு கோர். 100ஐத் தாண்டிப் போனாலும் பதற வேண்டாம்.

படி 2: பிரவுசருக்குள் பாருங்கள்

உண்மையான துப்பு கிடைக்கிற இடம் இதுதான். குரோம் 2008இல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி ப்ராசஸாக, அதாவது கணினி தனித்தனியாக நடத்தும் வேலைகளாகப், பிரித்து ஓட்டியது; அவற்றைக் கவனிக்கத் தனக்கென்று ஒரு டாஸ்க் மேனேஜரையும் வைத்திருந்தது. விண்டோஸில் குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் அது வரும். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடு மெனு, மோர் டூல்ஸ், அப்புறம் டாஸ்க் மேனேஜர். சஃபாரிக்கு இப்படி எதுவும் தேவையில்லை, ஆக்டிவிட்டி மானிட்டரிலேயே தளத்தின் முகவரி தெரியும்.

சிபியு வாரியாக வரிசைப்படுத்திவிட்டு அரை நிமிடம் சும்மா பாருங்கள். பக்கம் திறக்கும்போது எண் எகிறி இறங்குவது இயல்பு. இறங்காமல் நிற்பதுதான் நம் ஆள்.

எனக்கு ஒருமுறை சிக்கியது ஒரு வானிலைப் பக்கம். சின்ன ஜன்னலாகத் திரையின் மூலையில் வைத்திருந்தேன். வெளியே மழை என்றால் அந்தப் பக்கத்திலும் துளித்துளியாக மழை விழும், பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு துளியையும் ஸ்கிரிப்ட் விடாமல் வரைந்துகொண்டிருந்தது. எண் 90க்குக் கீழே இறங்கவே இல்லை. ஜன்னலை மினிமைஸ் செய்தேன், சட்டென்று விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குப் பிரவுசர் படம் வரையாது.

படி 3: டேப் என்றால்

அந்த வரியைத் தேர்ந்தெடுத்து எண்ட் ப்ராசஸ் கொடுங்கள். டேப் செத்ததுபோல் காட்டும், ரீலோட் செய்தால் எழுந்துவிடும். அதில் பாதி நிரப்பிய படிவம் இருந்தால் போய்விடும், முதலில் நகலெடுத்து வையுங்கள். ரீலோட் செய்த பிறகும் எண் ஏறினால் கோளாறு அந்தத் தளத்தில்.

மறைந்திருக்கும் டேப்களைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து, சத்தமின்றி இருக்கும் பக்கத்தின் டைமர்களை (குறித்த நேரத்துக்கு ஒருமுறை வேலையைத் தூண்டுபவை) நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்புவது என்று 2021இலேயே குரோம் கட்டுப்பாடு வைத்துவிட்டது. பாட்டு ஓடும் டேப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் இது பொருந்தாது.

பக்கத்தில் எதுவும் அசையவில்லை, வீடியோவும் இல்லை, ஆனாலும் எண் உச்சத்தில் நிற்கிறதா? வருகிறவர்களின் கணினியிலேயே திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் பக்கங்கள் உண்டு. 2017இல் தொடங்கிய காயின்ஹைவ் என்ற சேவை இதில் பேர்போனது. அது 2019 மார்ச்சில் மூடப்பட்டாலும் அந்த உத்தி சாகவில்லை. மூடிவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள்.

படி 4: எக்ஸ்டென்ஷன் என்றால்

இன்காக்னிட்டோ ஜன்னலில் (வரலாறு சேமிக்காத தனி ஜன்னல்) அதே பக்கங்களைத் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷன் அங்கே ஓடாது. அங்கே அமைதியாக இருந்தால் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டாம், பாதியை அணையுங்கள். எண் இறங்கினால் ஆள் அணைத்த பாதியில், இறங்காவிட்டால் மற்ற பாதியில்; அந்தப் பாதியை மறுபடி பிரியுங்கள். 12 இருந்தால் 6, அப்புறம் 3 என்று நான்கு சுற்றுக்குள் ஆள் கிடைத்துவிடும்.

விளம்பரத் தடுப்பானை மட்டும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். அசையும் விளம்பரங்கள் வராமல் தடுப்பதால் அது பெரும்பாலும் சுமையைக் குறைக்கத்தான் செய்யும். இரண்டு தடுப்பான் வைத்திருந்தால் ஒன்றை அணையுங்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

படி 5: வீடியோ ஓடும்போது மட்டும் சூடாகிறதா?

யூடியூப் பல வீடியோக்களை விபி9 அல்லது ஏவி1 வடிவத்தில் அனுப்புகிறது. ஏவி1 வந்தது 2018இல்தான். பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, அந்தப் பாரம் சிபியு தலையில் விழும். உடனடி நிவாரணம், தரத்தை 1080இலிருந்து 720க்கு இறக்குவது. பிக்சல் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் அணைந்திருந்தால் போடுங்கள், பிரவுசரை மூடித் திறங்கள். ஏற்கெனவே போட்டிருந்தும் திணறினால் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். டிரைவரில் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) கோளாறு இருந்தால் அணைப்பதே மேல்.

படி 6: இன்னும் அடங்கவில்லை என்றால்

பிரவுசரை அப்டேட் செய்யுங்கள். மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதி அதே சிஸ்டம் பகுதியில் இருக்கும், அதை அணையுங்கள். கடைசியாகத்தான் ரீசெட். புக்மார்க்கும் கடவுச்சொற்களும் பத்திரமாக இருக்கும், எக்ஸ்டென்ஷன்கள் அணையும், குக்கீகள் போய்விடுவதால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் அதே பக்கத்தை வேறொரு பிரவுசரில் திறந்து பார்த்துவிடுங்கள். அங்கேயும் விசிறி இரைந்தால் அந்தப் பக்கமே அவ்வளவு கனம், ரீசெட் செய்து பலனில்லை.