1.8 லென்ஸ் வாங்கியவர்கள் விடும் பிழைகள் (நானும் விட்டவைதான்)

போன மாதம் உரும்பிராயில் ஒரு சாமத்தியச் சடங்கு. என்னோடு இரண்டாவது கமராவுக்கு வந்த பெடியன் புதிதாக ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கியிருந்தான், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) 1.8. இரண்டு மாமிமார் ஆலாத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இவன் டயலைத் தொடவே இல்லை, எடுத்ததெல்லாம் 1.8 இல். கிட்ட நின்ற மாமியின் மூக்குத்தி பளிச்சென்று இருக்கிறது, தட்டின் மறுபக்கம் நிற்பது யார் என்று சொந்தக்காரரே யோசிக்க வேண்டும். "தம்பி, 4 க்குப் போ" என்றேன். "அண்ணை, 1.8 லென்ஸை வாங்கிப்போட்டு 4 இல எடுக்கிறதெண்டா பிறகேன் வாங்கினது?" என்று கேட்டான். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டவன்தான்.

எண் சிறிதானால் துளை பெரிது, பின்புறம் புகையும் என்பதெல்லாம் எந்த யூடியூப் வீடியோவிலும் முதல் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அதை விடுவோம். கீழே வரும் கணக்குகள் ஃபுல் ஃபிரேம் (36×24 மில்லிமீற்றர் சென்சர்) கமராவுக்கானவை. சின்ன சென்சர் என்றால் அதே ஆட்களை அடக்க இன்னும் பின்னால் போவீர்கள், அதனால் டெப்த் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் பிழை ஒன்றுதான்.

குடும்பப் படத்தை 1.8 இல் எடுப்பது

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 ஆம் ஆண்டு. போர் முடிந்த அடுத்த வருடம், வெளிநாட்டில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல வரத் தொடங்கிய காலம். நான் வேலை பழகிய ஸ்ரூடியோவின் கமராவோடு தனியாகப் போன முதல் கலியாணம் அது. பெண்ணின் தகப்பனுடன் கூடப்பிறந்தவர்கள் கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று சிதறிக் கிடந்து, இருபது வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே மேடையில் நிற்கிறார்கள். மண்டபம், சாப்பாடு, கூறைச்சேலை என்று முழுச் செலவும் கனடாப் பெரியப்பாவுடையது. அவர் நல்ல உயரம், அதனால் மூன்றாவது வரிசையில் போய் நின்றார். மண்டபத்தில் மங்கலான மஞ்சள் வெளிச்சம். ஐ.எஸ்.ஓ வை (சென்சரின் ஒளி உணர்திறனை) கூட்டினால் படம் புள்ளி புள்ளியாக வந்துவிடும் என்று எனக்கு ஒரே பயம். "குறூப் படமெண்டா 5.6 க்குக் கீழ வராதை" என்று ஸ்ரூடியோ முதலாளி சொல்லி அனுப்பியதும் ஞாபகம் இருந்தது, இருந்தும் 1.8 இல் வைத்து, முன் வரிசையில் நின்ற மணமகளின் கண்ணில் ஃபோக்கஸ் பிடித்து அடித்தேன். கமராவின் 3 அங்குலத் திரையில் பார்த்தேன், எல்லாரும் தெளிவு. ஆறுதலாகச் சாப்பிடப் போனேன்.

மற்றவர்கள் ஒரு கிழமைக்குள் பறந்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் காணி அலுவல் பார்க்க ஒன்றரை மாதம் நின்றார், அல்பம் அவர் கையில்தான் போய்ச் சேர்ந்தது. 12×18 அங்குலத்தில் குடும்பப் படம். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சால்வை நுனியால் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு பக்கத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, காசு குடுத்ததும் நான், புகை மாதிரி நிக்கிறதும் நானோ?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மிச்சக் காசை நான் கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்தை என் செலவில் மாற்றி அடித்து, படத்தை 4×6 அளவுக்குச் சுருக்கினேன். அந்த அளவில் ஒருமாதிரித் தப்பியது.

ஏன் இப்படி ஆனது? 50 மில்லிமீற்றர் லென்ஸ், முன் வரிசை 5 மீற்றர் தூரத்தில், துளை 1.8. ஃபோக்கஸ் பிடித்த இடத்துக்கு முன்னால் அரை மீற்றரும் பின்னால் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றரும்தான் தெளிவாக விழும். வரிசைக்கு வரிசை 75 சென்ரிமீற்றர் என்று வைத்தால் மூன்றாவது வரிசை ஒன்றரை மீற்றர் பின்னால் போய்விடும். அங்கே நிற்பவரின் கண் 12×18 படத்தில் 3 மில்லிமீற்றர் அகலம் வரும், அதன் மேல் 0.8 மில்லிமீற்றருக்குப் புகை பூசியிருக்கும். 3 அங்குலத் திரையில் இதை எந்தக் கண்ணும் பிடிக்காது, அதனால்தான் சாப்பிடப் போகமுதல் பெரிதாக்கிப் பின் வரிசை முகங்களைப் பார்க்க வேண்டும். முன் வரிசையைப் பார்த்துப் பிரயோசனமில்லை, அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

இதே இடத்தில் 5.6 வைத்திருந்தால் முன்னால் ஒன்றே கால் மீற்றர், பின்னால் இரண்டரை மீற்றர் கிடைத்திருக்கும். பெரியப்பா மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் இன்னொரு வரிசை நின்றிருந்தாலும் தப்பியிருக்கும். வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும், உண்மைதான். ஐ.எஸ்.ஓ 400 இல் எடுத்ததை 4000 இல் எடுக்க வேண்டி வரும். எடுங்கள். மண்டபக் கூரை வெள்ளையாக இருந்தால் பிளாஷை மேலே திருப்பி அடியுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 4000 இல் வரும் புள்ளிகளை அச்சில் பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள், கவனித்தாலும் கணினியில் குறைக்கலாம், புகைந்த முகத்தைத் திருத்த இன்றுவரை நல்ல வழி இல்லை. செயலிகள் இப்போது ஏதோ ஒரு முகத்தைப் போட்டுத் தருகின்றன, அது பெரியப்பாவின் முகம் அல்ல.

ஃபோக்கஸை நடு வரிசையில் பிடியுங்கள். வரிசைகளை நெருக்கி நிறுத்துங்கள், கடைசி வரிசை மணவறைப் படியில் ஏறி நின்றுவிட்டால் "ஐயா, ஒருக்கா கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இன்னொன்று, எங்கள் ஊரில் ஒருவர் தவறினால் அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு (கிரியையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு) படம் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது கலியாண அல்பத்தைத்தான். பின் வரிசையில் நிற்கும் முகம்தான் வெட்டி எடுக்கப்படும். மேடையில் நிற்பவர்களுக்கு இதைச் சொல்ல முடியாது, ஆனால் படம் எடுப்பவன் மனதில் வைத்திருக்கலாம்.

ஃபோக்கஸ் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்புவது

நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனை அரைவாசி அமத்தியபடி கமராவை ஒரு பக்கம் திருப்பி எடுக்கிற பழக்கம். 5.6 இல் பரவாயில்லை. 85 மில்லிமீற்றர் 1.4 லென்ஸில், ஒன்றரை மீற்றர் தூரத்தில் மொத்தத் தெளிவே இரண்டரை சென்ரிமீற்றர்தான். கமராவைப் பத்துப் பாகை திருப்பினாலே ஃபோக்கஸ் தளம் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பின்னால் போய்விடும். தோடு தெளிவாகவும் கண் புகையாகவும் மணமகள் படம் வருவது இப்படித்தான், லென்ஸ் பழுதென்று கடைக்காரனோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஃபோக்கஸ் புள்ளியைக் கண்ணுக்கு நகர்த்துங்கள், புதிய கமரா என்றால் கண்ணைப் பிடிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

பொன்னுருக்கில் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கில்) 1.8

கிட்டப் போகப் போக டெப்த் உருகிவிடும். 45 சென்ரிமீற்றரில் 50 மில்லிமீற்றர் லென்ஸை 1.8 இல் வைத்தால் 8 மில்லிமீற்றர்கூடத் தேறாது. பொன் தெளிவு, பத்தரின் விரல் புகை, மாப்பிள்ளை யாரோ ஒருவர். 8 க்குப் போனால் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வரும், பொன்னும் விரலும் அடங்கிவிடும்.

மத்தியான வெயிலில், கசூரினாக் கடற்கரையில், 1.8

ஐ.எஸ்.ஓ 100 இல்கூட ஷட்டர் 1/8000 செக்கன் கேட்கும், தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றில் 1/4000 தான் முடிவு. மணல் வெள்ளைத் தாளாக வரும். 2.8 க்கு வந்தால் 1/3200 போதும். இல்லையென்றால் பின்னேரம் நாலரைக்குப் போங்கள்.

நிலக்காட்சி என்றவுடன் 22

மேலே சொன்னதற்கு நேர்மாறான வருத்தம் இது. டெப்த் கூடட்டும் என்று துளையை ஒரேயடியாக மூடுவார்கள். சின்னத் துளைக்குள் ஒளி நுழையும்போது விரியும். 22 இல் ஒரு புள்ளி சென்சரில் 30 மைக்ரோமீற்றர் அகல வட்டமாக விழுகிறது, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சலே 6 மைக்ரோமீற்றர்தான். மணற்காட்டு மணல்மேட்டில் காற்று வரைந்த கோடுகள் எல்லாம் மொழுமொழுவென்று வந்ததைப் பார்த்து நான் முக்காலியைத்தான் திட்டினேன். போதாததற்கு சென்சரில் ஒட்டியிருந்த தூசி வானம் முழுக்கப் பொட்டு வைத்திருந்தது. 24 மில்லிமீற்றர் லென்ஸ், துளை 8, ஃபோக்கஸ் இரண்டரை மீற்றரில் வைத்தால் ஒன்றே கால் மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. பண்ணைப் பாலத்தில் விடியக்காலை நின்று எடுப்பவர்களுக்கு இதற்கு மேல் எதற்கு?

கிட் லென்ஸ்

கமராவோடு சேர்த்துத் தரும் லென்ஸ் இது, பெரும்பாலும் சூம் பண்ணினால் 3.5 தானாக 5.6 ஆகும். மனுவலில் (எல்லாவற்றையும் கையால் வைத்து) எடுப்பவர்கள் கவனம், படம் இருண்டுவிடும்.

கைபேசியின் போர்ட்ரெயிட் மோட்

பின்புறத்தைக் கணக்குப் போட்டுப் புகைக்கும்போது சில நேரம் கொண்டைப் பூவைப் பாதியில் வெட்டும். கலியாணத்துக்கு வேண்டாம்.

பின்புறம்

இதை எழுதி முடிக்கும்போது அந்தப் பெடியனிடமிருந்து ஒரு படம் வந்தது. நேற்று இன்னொரு வீட்டு விசேசம், நான்கு வரிசை, 5.6 இல் எடுத்திருக்கிறான். எல்லா முகங்களும் தெளிவு. கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணை, எல்லாரும் சார்ப். பின்னால அடுக்கின சாப்பாட்டுக் கிடாரமும் சார்ப்." ஆட்களைச் சுவரிலிருந்து நாலு மீற்றர் முன்னுக்குக் கூட்டிக்கொண்டு வா, டயலைத் தொடாதே என்று பதில் அனுப்பினேன். பார்த்துவிட்டான், ஒன்றும் எழுதவில்லை.