அணிவழிக் கற்றலை ஆசிரியர்களுக்குப் பழக்குவது எப்படி?

அணிவழிக் கற்றல் (Team-Based Learning) என்பது முன்கூட்டியே வாசித்து வந்து, தனியாகவும் பிறகு அணியாகவும் சோதனை செய்து, கடைசியில் அணியாக ஒரு முடிவெடுக்கும் முறை. கிளிநொச்சியில் நான் முதன்முதலாக ஆசிரியர்களுக்கு நடத்திய அணிவழிக் கற்றல் செயலமர்வு பலன் தரவில்லை. இரண்டு மணித்தியாலம் ஸ்லைட் போட்டு விளக்கினேன், எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தால் பழைய குழுச் செயற்பாடுதான் நடந்தது. ஒரு பிள்ளை டிமை தாளில் எழுத, மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை விளக்கத்தை விட்டுவிட்டு, ஆசிரியர்களையே மாணவர்களாக இருத்தி ஒரு முழுச் சுற்றைச் செய்ய வைத்தேன். அது வேலை செய்தது. அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த முறையை உருவாக்கியவர் லாரி மைக்கல்சன். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில், தன் வகுப்பு பெரிதாகிவிட்டதே என்று முழுநேர விரிவுரைக்குப் போகாமல் அவர் கண்ட வழி இது. ஆகவே 40 பிள்ளைகள் இருக்கும் தரம் 10 வகுப்புக்கு இது சரிவராது என்று யாரும் சொன்னால் ஏற்காதீர்கள்.

படி 1: வாசிப்பு. மூன்று நாளுக்கு முன்பே இரண்டு பக்கம் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நான் கொடுப்பது பருவமழையும் பயிர்ச்செய்கைப் போகங்களும். எந்தப் பாட ஆசிரியருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

படி 2: அணி பிரித்தல். ஓர் அணிக்கு 5 முதல் 7 பேர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருபவர்கள் ஒரே வாங்கில்தான் இருப்பார்கள், அப்படியே விட்டால் அணி உருவாகாது. சேவைக்கால வரிசையில் எல்லோரையும் நிற்க வைத்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை திரும்பத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். ஒரே எண் சொன்னவர்கள் ஓர் அணி. 28 பேர் வந்தால் மூன்று அணியில் 6 பேர், இரண்டில் 5 பேர். புதியவரும் மூத்தவரும் தானாகவே கலந்துவிடுவார்கள். வகுப்பில் இப்படிப் பிரித்த அணியைத் தவணை முழுக்க மாற்றக் கூடாது.

படி 3: ஒரே சோதனை, இரண்டு தடவை. பத்துப் பல்தேர்வு வினாக்கள். முதலில் தனியாக, புத்தகம் மூடியபடி. தாளை வாங்கிய பின் அதே வினாக்களை அணியாகச் செய்ய வேண்டும். நேரம் போதாது என்று தனிச் சோதனையைப் பலர் வெட்டுகிறார்கள். வெட்டினால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவதோடு முடிந்துவிடும்.

அணிச் சோதனைக்குச் சுரண்டும் அட்டை வேண்டும்: அணி தான் தெரிவுசெய்த விடையின் கட்டத்தைச் சுரண்டும், விடை சரியென்றால் உள்ளே நட்சத்திரம் இருக்கும். விலைக்கு விற்கும் அட்டை எங்களுக்குக் கிடைக்காது, கையால் செய்யலாம். நான் முதலில் தாளின் மேல் நேரே பெயின்ட் பூசினேன். சுரண்டியபோது தாளும் சேர்ந்து கிழிந்தது. சரியான வழி இது: தடித்த மட்டையில் சரியான விடைக்குரிய கட்டத்தில் பென்சிலால் சின்ன நட்சத்திரம் போடுங்கள். எல்லாக் கட்டங்களின் மேலும் செலோடேப் ஒட்டுங்கள். அதன்மேல் இரண்டு பங்கு அக்ரிலிக் பெயின்ட், ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பூசி, காய்ந்த பின் இன்னொரு பூச்சு. நாணயத்தால் சுரண்டினால் அழகாக உரிந்து வரும். முதல் சுரண்டலில் நட்சத்திரம் வந்தால் 4 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1, பிறகு 0.

போன் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். போன் ஒருவர் கையில் இருக்கும். அட்டையோ மேசை நடுவில் கிடக்கும், ஆறு தலையும் அதன் மேல் குனியும். குரல் உயர்த்தியவர் சொன்ன கட்டம் வெறுமையாக வந்த அடுத்த கணம், எல்லோரும் அதுவரை பேசாமல் இருந்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

படி 4: மேன்முறையீடு. அட்டையில் சரியென்று வைத்த விடை பிழை என்று நினைக்கும் அணி, காரணத்தோடு எழுதித் தரலாம். ஏற்றால் எழுதிய அணிக்கு மட்டும் புள்ளி. "வன்னிக்கு அதிக மழை தருவது எது?" என்ற என் வினாவுக்கு வடகீழ்ப் பருவக்காற்று என்று விடை வைத்திருந்தேன். ஓர் அணி எழுதியது: "பெருமழை பெய்யும் நவம்பர் இரண்டாம் இடைப்பருவத்துக்குள் வருகிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் டிசம்பரில்தான் தொடங்குகிறது." அந்த இடத்திலேயே புள்ளி கொடுத்தேன். எஞ்சிய குழப்பங்களுக்கு மட்டும் ஐந்து நிமிட விளக்கம் போதும்.

படி 5: பிரயோக வினா. நான் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இதுதான். "சிறுபோகத்தில் நீர்ப் பற்றாக்குறைக்கான காரணங்களை எழுதுக" என்று கேட்டேன். ஆளுக்கொரு காரணம் பிரித்து எழுதினார்கள், வாதம் ஒன்றும் நடக்கவில்லை. பட்டியல் கேட்டால் வேலை பிரியும். ஒரு முடிவு கேட்டால்தான் பேச்சு வரும். பிறகு இப்படி மாற்றினேன்:

"மாரி பொய்த்துச் சித்திரையில் குளம் பாதிதான் நிரம்பியிருக்கிறது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எதற்குக் கை உயர்த்துவீர்கள்? (1) எல்லோருக்கும் பாதிப் பரப்பில் நெல். (2) குளத்துக்குக் கிட்டவுள்ள வயல்களுக்கு மட்டும் முழுப் பரப்பில் நெல். (3) நெல்லை விட்டு உளுந்தும் பயறும். (4) குடிநீருக்கும் கால்நடைக்கும் நீரை வைத்துக்கொண்டு செய்கையை நிறுத்துவது."

எல்லா அணிக்கும் இதே வினா. ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம். விடையை எல்லா அணியும் ஒரே நேரத்தில் எண் அட்டை தூக்கிக் காட்ட வேண்டும். ஒவ்வோர் அணியாகக் கேட்டால் முதல் அணி சொன்னதையே மற்றவை வழிமொழியும். அன்று நான்கு அணிகள் 1ஐத் தூக்க, ஒன்று மட்டும் 3ஐத் தூக்கியது. அந்த அணியில் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். "பாதிப் பரப்பு என்று தீர்மானித்தாலும் தண்ணி எங்கட வயலுக்கு வந்து சேராது சேர்" என்று தொடங்கினார். அப்புறம் நாற்பது நிமிடம் நான் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை.

சக மதிப்பீட்டை, அதாவது அணியினர் ஒருவரையொருவர் மதிப்பிடுவதை, ஒரு நாள் செயலமர்வில் செய்யாதீர்கள். பல வாரம் சேர்ந்து வேலை செய்தவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

பின்சேர்க்கை: முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய பாடசாலையொன்றில் படிப்பிக்கும் ஆசிரியை பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "வகுப்பில் 11 பேர்தான், என்ன செய்வது?" 6, 5 என்று இரண்டு அணி போடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தூக்கினால், "தள்ளிவிட்டதில் எதைக் கைவிட அதிகம் யோசித்தீர்கள்?" என்று கேளுங்கள், பேச்சு தொடங்கும். 40 நிமிடப் பாடவேளைதான் என்றால் இரண்டு சோதனையையும் ஒரு நாளில் முடித்து, பிரயோக வினாவை அடுத்த பாடவேளைக்கு வையுங்கள்.