மார்ச் 8-ஆம் தேதிக்கு மட்டும் மேடை போடாதீர்கள்

நெல்லை மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். மகளிர் தினத்துக்கு யாரை அழைப்பது என்று பார்ப்பது என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன்னால் சென்னையில் பெரிய பதவியில் இருந்த ஓர் அம்மாவை வரவழைத்தோம். பொன்னாடை, நினைவுப் பரிசு, கைதட்டல் எல்லாம் ஆனது. கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "மேடம், நீங்க படிக்கும்போது வீட்ல பீடி சுத்தச் சொல்லலையா?" என்று கேட்டாள். வந்தவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. ஆசிரியை விளக்கிச் சொல்வதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அது கூட்டி வந்த எங்கள் தவறு. இங்கே பல வீடுகளில் அம்மா மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டிக்கொண்டே இருப்பாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். பள்ளிவிட்டு வரும் மகள் கொஞ்சம் கைகொடுத்தால் எண்ணிக்கை சீக்கிரம் நிறையும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் விண்வெளிக்குப் போன பெண்ணின் படத்தைக் காட்டுங்கள், மனசாரக் கைதட்டுவாள். சாயங்காலம் சுளவு முன்னால் உட்காரும்போது அந்தப் படம் அவளுக்கு எந்த வழியையும் சொல்லாது.

அடுத்த வருடம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரை அழைத்தோம். தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். காலையில் பீடி சுற்றி வைத்துவிட்டுக் கல்லூரி பஸ்ஸைப் பிடித்தவர். புல வரைபடத்தை மேசையில் விரித்து, இந்த எல்லைக் கல்லிலிருந்து அந்த எல்லைக் கல்லுக்கு எப்படி அளப்பது என்று காட்டினார். எந்தத் தேர்வு எழுதினார், எத்தனை தடவை தோற்றார், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எல்லாம் சொன்னார். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். அதற்கு முன்னால் எந்த விருந்தினர் பேசும்போதும் அவர்கள் பேனாவைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அன்றும் ஒரு தப்பு நடந்தது. வரவேற்புரையில் அவரை 'சாதனைப் பெண், தனியொருத்தியாகப் போராடி ஜெயித்தவர்' என்று தூக்கி வைத்தோம். அவர் மைக்கை வாங்கி, "என் ஆச்சி எனக்காகச் சேர்த்துச் சுத்துனாங்க, அதனாலதான் நான் படிச்சேன்" என்றார். உதவி செய்த ஆட்களை மறைத்து ஒருவரைத் தெய்வமாக்கினால், கேட்கிற பிள்ளை 'நமக்கு அவ்வளவு சக்தி இல்லை' என்றுதான் ஒதுங்குவாள். அப்புறம், வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டோம். முந்தின மாதம் வந்த ஆண் அதிகாரியிடம் யாருமே அதைக் கேட்கவில்லை.

பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு விழா நடத்துவதை இனியாவது விடலாம். நாளை அந்தப் பெண்களோடு வேலை பார்க்கப் போகிறவர்களும், வீட்டில் பாத்திரம் யார் கழுவுவது என்று முடிவெடுக்கப் போகிறவர்களும் அவர்கள்தானே.

பஞ்சாயத்து விஷயத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் பஞ்சாயத்துப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2016-ல் அதை 50 சதவீதமாக உயர்த்தியது. ஆனாலும் சில ஊர்களில் தலைவர் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார், தலைவி கையெழுத்துக்கு மட்டும் வருவார். இதைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? அதற்காக எல்லாப் பெண் தலைவர்களையும் பொம்மை என்று சொல்வது அதைவிட மோசம். நெல்லை மாநகராட்சியின் முதல் மேயரே ஒரு பெண்தான், 1996-லேயே. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. இரண்டு தேர்தல் தொடர்ந்து பெண் தலைமை இருந்த ஊர்களில், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இருந்த எதிர்கால ஆசையின் இடைவெளி வளரிளம் பருவத்தினரிடம் 32 சதவீதம் குறைந்திருந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது, பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்தது. தலைவி கண்ணெதிரே வருடக்கணக்காக வேலை பார்த்ததன் பலன் இது. ஒரு நாள் விழாவிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே உங்கள் ஊரில் தலைவி இருந்தால் அவரிடமே பேசுங்கள். கூட்டத்தில் அவர் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

ஆளைக் காட்டிவிட்டு வழியை அடைத்து வைப்பது இன்னொரு தவறு. எட்டு மணிக்கு மேல் பஸ் இல்லாத ஊரில், பூட்டிக் கிடக்கும் கழிப்பறை உள்ள வேலையிடத்தில், 'நீயும் அவரைப் போல வா' என்று சொல்வதில் என்ன நியாயம்? பேச்சாளரைத் தேடும் நேரத்தில் பாதியை இதற்கு மனு எழுதச் செலவிடலாம்.

கடைசியாக வீட்டுக்குள் நடப்பது. 1989-லேயே தமிழ்நாட்டில், அப்போது கல்யாணம் ஆகாத இந்துக் குடும்ப மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் அண்ணன் தம்பி கூப்பிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், நம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். "பிறந்த வீட்டு வாசல் வேணும்லா" என்பார்கள். நானும் போட்டேன். அன்று என் இரண்டு மகள்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளிர் தினத்தில் நான் பேசிய எல்லாவற்றையும்விட அந்தக் கையெழுத்து அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. போடுவதற்கு முன்னால் பங்கின் மதிப்பு என்ன என்று சத்தமாகக் கேளுங்கள், பிள்ளைகள் காதில் விழும்படி.

இந்த வருடம் அந்த சர்வேயர் அக்காவை மறுபடி அழைத்தபோது, "மார்ச் எட்டாம் தேதி வேண்டாம், ஒரு வேலை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க, வயக்காட்டில் அளக்கும்போது பார்க்கட்டும்" என்றார். எட்டாம் வகுப்பிலிருந்து இருபது பேர் போகிறோம், பையன்களும் சேர்த்து.