அப்பிள் தோலில் தைராம் இருக்கிறதா? தங்க நானோ துணிக்கையும் இராமன் நிறமாலையும் கொண்டு பார்ப்பது எப்படி

தைராம் ஒரு பங்கசு நாசினி. கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய அப்பிளின் தோலில் அது மிகச் சிறிதளவு ஒட்டியிருந்தால், சாதாரண இராமன் கருவிக்கு அது தெரியாது. ஒளி மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறுவதுதான் இராமன் சிதறல்; அது அவ்வளவு பலவீனமானது. கோடி ஃபோட்டன்களில் ஏறக்குறைய ஒன்றுதான் அப்படிச் சிதறும். ஆனால் கரடுமுரடான வெள்ளியின் மேல் பிரிடின் என்ற சேர்மத்தின் சமிக்ஞை வழமைக்கு மாறாகப் பெருகுவதை 1974இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் கண்டார்கள். அது மேற்பரப்பு தரும் உண்மையான பெருக்கம்தான் என்பது 1977இல் தெளிவானது. இரண்டு உலோகத் துணிக்கைகள் ஒன்றிரண்டு நானோமீற்றர் இடைவெளியில் நெருங்கும்போது அந்த இடுக்கில் ஒளியின் மின்புலம் பெருகுகிறது. அங்கே சிக்கிய மூலக்கூறின் சமிக்ஞை பத்து இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் ஏறும். ஆகவே துணிக்கை செய்வது பாதி வேலைதான். அவற்றை அளவாக நெருங்க வைப்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது.

முதலில் தண்ணீர். காய்ச்சி வடித்த நீர் என்று போத்தலில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 5 மில்லிலீற்றரைச் சோதனைக் குழாயில் எடுத்து, 0.1 மூலர் வெள்ளி நைத்திரேற்றில் ஒரு துளி விட்டு, பின்னால் கறுப்புக் காகிதம் பிடித்துப் பாருங்கள். மெல்லிய பால்நிறப் புகை சுருண்டால் குளோரைட்டு இருக்கிறது; அந்த நீர் உதவாது. களனி ஆற்றில் நீர் குறையும் காலத்தில், கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரை கடலுப்பு ஏறுவது தெரிந்த விடயம். ஆகவே இந்தச் சோதனையை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள்.

கண்ணாடிப் பாத்திரங்களை இராச நீரால் கழுவ வேண்டும்: ஐதரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, நைத்திரிக் அமிலம் 1 பங்கு. புகை உறிஞ்சும் அலுமாரிக்குள் மட்டும், தேவையான அளவு மட்டும். மூடிய போத்தலில் வைத்தால் வாயு அழுத்தத்தால் வெடிக்கும். அசிற்றோன், எதனோல் பக்கத்திலும் வரக்கூடாது. கழுவியபின் நல்ல நீரால் குறைந்தது ஐந்து தடவை அலசுங்கள். முன்பு உருவான தங்கத் துகள் சுவரில் ஒட்டியிருந்தால் புதிய துணிக்கைகள் அதன் மேலேயே வளர்ந்து அளவு சிதறிப் போகும்.

தங்கக் குளோரைட்டைத் தராசில் நிறுக்க முயல வேண்டாம். அது ஈரம் உறிஞ்சும். கொழும்புக் காற்றில் கண் முன்னே கசியத் தொடங்கும், உலோகக் கரண்டியையும் அரிக்கும். 1 கிராம் போத்தலை வாங்கி, முழுவதையும் 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, கபில நிறப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இது 1 சதவீதக் கரைசல்.

இதில் 1 மில்லிலீற்றரை 99 மில்லிலீற்றர் நீரில் சேர்த்து, ஒடுக்கி பொருத்திய குடுவையில் காந்தக் கலக்கியோடு நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதி நிலைத்ததும் 1 சதவீத சோடியம் சித்திரேற்று 1 மில்லிலீற்றரை ஒரே வீச்சில் விடுங்கள், துளித்துளியாக அல்ல. வெளிர் மஞ்சள் நிறமற்றுப் போகும், பிறகு சாம்பல் நீலம், ஊதா, கடைசியில் சிவப்பு. சிவந்தபின் இன்னும் 20 நிமிடம் கொதிக்கட்டும். இந்த விகிதத்தில் துணிக்கைகள் 40 நானோமீற்றர் அளவில் வரும். ஒளி உறிஞ்சல் உச்சம் 530 நானோமீற்றருக்கு அருகில் இருக்க வேண்டும். உச்சம் அகன்றிருந்தாலோ கரைசல் ஊதாவில் நின்றுவிட்டாலோ பாத்திரம் அழுக்கு, அல்லது இடையில் கரண்ட் போய்க் கொதி தளர்ந்திருக்கிறது. திருத்தப் பார்க்காமல் புதிதாகச் செய்யுங்கள். ஆறியதும் 4 பாகையில் வையுங்கள். உறைந்தால் துணிக்கைகள் ஒட்டிக்கொள்ளும், மீளாது. இராமன் கருவி வேறிடத்தில் இருந்து பெட்டியில் கொண்டு போவதானால் போத்தலை ஐஸோடு ஒட்டி வைக்காதீர்கள்.

இனி உப்பு. சித்திரேற்றின் எதிர்மின் ஏற்றம்தான் துணிக்கைகளைத் தள்ளி வைத்திருக்கிறது. உப்பு அந்தத் தள்ளலைத் தணிக்கும். 400 மைக்ரோலீற்றர் தங்கக் கரைசல், 50 மைக்ரோலீற்றர் மாதிரி (தோலைத் துடைத்தெடுத்த எதனோல்; எடுக்கும் விதம் கீழே), கடைசியாக 50 மைக்ரோலீற்றர் சோடியம் குளோரைட்டு. வரிசை மாறக்கூடாது. உப்பை முதலில் விட்டால் இடுக்குகள் தைராம் வருமுன்பே மூடிவிடும். உப்பின் செறிவை 0.1, 0.2, 0.3, 0.5, 1 மூலர் என்று ஐந்து குழாய்களில் மாற்றிப் பாருங்கள். இறுதிச் செறிவு 10 முதல் 100 மில்லிமூலர் வரை வரும். சிவப்பு மாறாத குழாயில் சமிக்ஞை இருக்காது. சில விநாடியில் கறுத்துப் படியும் குழாயில் முதலில் எழும்பிப் பிறகு விழும். இடையில் ஒன்று ஊதா நீலமாகி நாலைந்து நிமிடம் அப்படியே நிற்கும், அதுதான் வேண்டும். உப்பு விட்டு சரியாக 3ஆவது நிமிடத்தில் அளவிடுங்கள், எல்லாக் குழாய்களையும் அதே நிமிடத்தில். ஏசி அறையில் பார்த்த அளவை வெளியே 31 பாகையில் பயன்படுத்த முடியாது. சூட்டில் திரட்சி வேகமாகும். சமையல் உப்பும் வேண்டாம், அதில் அயடீன் சேர்த்திருக்கிறது.

கருவியை சிலிக்கன் தகட்டின் 520.5 செ.மீ.⁻¹ கோட்டில் சரிபார்த்துவிட்டு 785 நானோமீற்றர் லேசரைப் பாவியுங்கள். திரண்ட தங்கம் அந்தப் பக்கம்தான் நன்றாக வேலை செய்யும். தைராமின் பெரிய உச்சம் 1380க்கு அருகில். துணைக்கு 560, 1145, 1510. நான்கும் சேர்ந்து வந்தால்தான் நம்புங்கள். காய்ந்த துளியில் லேசர் வலு கூடிவிட்டால் மாதிரி கருகி 1350, 1580 பக்கம் அகன்ற கரி மேடுகள் எழும்பும். அவசரத்தில் அந்த முதல் மேட்டைத் தைராம் என்று எடுத்துவிடுவார்கள். திரவத்திலேயே அளப்பது பாதுகாப்பு.

அளவுகோலுக்கு 24 மில்லிகிராம் தைராமை 100 மில்லிலீற்றர் அசிற்றோநைத்திரைலில் கரைத்தால் 1 மில்லிமூலர். எதனோலில் 10, 1, 0.1 மைக்ரோமூலர் என்று ஐதாக்குங்கள். செறிவு கூடும்போது கோடு நேராக ஏறாது. தங்க மேற்பரப்பு நிறைந்துவிடும், தைராமே துணிக்கைகளைத் திரட்டிப் படியவும் வைக்கும். தோலில் 2 செ.மீ. சதுரத்தை எதனோல் தோய்த்த பஞ்சால் துடைத்து, 1 மில்லிலீற்றர் எதனோலில் பிழிந்து, அதிலிருந்து 50 மைக்ரோலீற்றர் எடுங்கள். நன்றாகக் கழுவிய இன்னொரு அப்பிளில் அதே அளவு இடத்தில் 100 மைக்ரோமூலர் தைராம் கரைசல் 10 மைக்ரோலீற்றரைக் காயவிட்டு, அதையும் துடைத்து அளந்தால் எவ்வளவு மீள்கிறது என்று தெரியும். அங்கே வைத்தது 0.24 மைக்ரோகிராம்.

பலரும் தவறவிடும் இடம் கையுறை. இறப்பரைப் பதப்படுத்தத் தைராமையும் அதன் இனச் சேர்மங்களையும் வேகப்படுத்தியாகச் சேர்ப்பதுண்டு. லேற்றெக்ஸ் கையுறை விரல் பஞ்சில் பட்டாலே போதும், மாசற்ற அப்பிளும் 1380இல் உச்சம் காட்டும். இறப்பர் மூடி, துளிக்குழாயின் இறப்பர்க் குமிழ் எல்லாமே அப்படித்தான். மாதிரி எடுக்கும்போது மட்டும் வைனில் கையுறைக்கு மாறுங்கள். அமிலத்துக்கு அது போதாது. ஒவ்வொரு நாளும் பஞ்சு, எதனோல், கையுறை துடைத்த பஞ்சு என மூன்று வெற்று அளவீடுகள் எடுங்கள். இதில் ஒன்றில் உச்சம் தெரிந்தால் அன்றைய முடிவுகள் அத்தனையும் செல்லாது.

இதே இனப் பங்கசு நாசினிகளான ஸைராம், ஃபெர்பாம் இரண்டும் தங்கத்தின் மேல் ஏறக்குறைய இதே நிறமாலையையே தரும். தைராமின் கந்தகப் பிணைப்பு உடைந்து மூன்றும் டைமெதில் டைதயோகார்பமேற்று என்ற ஒரே துண்டாகத்தான் ஒட்டுகின்றன. ஆகவே அறிக்கையில் “தைராம்” என்று எழுதாமல் “டைமெதில் டைதயோகார்பமேற்று வகை கண்டறியப்பட்டது” என்று எழுதி, மீதி மாதிரியை சேர்மங்களைப் பிரித்து இனங்காணும் நிறப்பகுப்பு-திணிவு நிறமாலைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.