நான்கு நற்செய்திகளை அருகருகே வைத்து வாசிக்க

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நடக்கும் எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், இயேசுவின் வாழ்வைச் சொல்லும் வேதாகமத்தின் நான்கு நற்செய்தி நூல்களை ஒப்பிட்டு வாசிக்கத் தொடங்குவோரிடம், ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியையே முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இயேசு செய்த அற்புதங்களில் நான்கு நற்செய்திகளிலும் இடம்பெறுவது அது ஒன்றுதான்.

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து நான்கு பத்திகள் வரைந்து, மத்தேயு 14, மாற்கு 6, லூக்கா 9, யோவான் 6 ஆகிய அதிகாரங்களிலிருந்து அந்தப் பகுதியை ஒரே மொழிபெயர்ப்பைப் பார்த்துக் கையால் எழுதுங்கள். மொழிபெயர்ப்பு மாறினால், சொல் வேறுபாடு யாருடையது என்பதே தெரியாமல் போகும். பிறகு, ஒருவரிடம் மட்டும் உள்ளதைச் சிவப்பில் அடிக்கோடிடுங்கள்.

மாற்கின் பத்தியில் ‘பசும்புல்’ சிவப்பாக நிற்கும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் கோலாலம்பூரில் இருக்கும் நமக்கு அது கண்ணில் படாது. இது நடந்த கலிலேயாவிலோ, மாரிமழைக்குப் பின் வசந்தம் வரை இருக்கும் பசுமை கோடையில் காய்ந்துவிடும். யூதர்களின் பஸ்கா பண்டிகை நெருங்கியிருந்தது என்று எழுதுபவர் யோவான் மட்டுமே, அதுவும் வசந்தகாலப் பண்டிகைதான். ஒரு பத்தியின் சிறு சொல் இன்னொரு பத்திக்கு இப்படி வெளிச்சம் தருவதால், நான்கையும் அவசரப்பட்டு ஒரே கதையாகக் கலந்துவிடாதீர்கள். அப்பங்களை வைத்திருந்த சிறுவனும், அவை வாற்கோதுமை அப்பங்கள் என்ற குறிப்பும் யோவானில் மட்டுமே வருகின்றன. பெண்களும் பிள்ளைகளும் அந்த ஐயாயிரத்தில் சேரவில்லை என்பதை மத்தேயு மட்டுமே சொல்கிறார்.