1930களின் ஹாலிவுட் கவுன்: தைக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடைக்கும் போட்டோ ஷூட்டுக்கும் பழைய ஹாலிவுட் உடைகளைத் தைத்துக் கொடுப்பது என் தொழில். புதிதாகக் கற்க வருகிறவர்கள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். அளவு தப்பாக எடுப்பது, மழுங்கிய கத்திரியால் வெட்டுவது பற்றியெல்லாம் எந்தத் தையல் வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பின்பக்கம் ஜிப்

1933 கவுனுக்கு வேண்டாம். இடது விலாவில் கொக்கியும் பிரஸ் பட்டனும் வையுங்கள்.

வெட்டிய அன்றே ஹெம்மிங்

'டின்னர் அட் எய்ட்' (1933) படத்தில் ஜீன் ஹார்லோ உடுத்தி வரும் வெள்ளை சாட்டின் கவுனைத்தான் பலரும் முதலில் தைக்க ஆசைப்படுகிறார்கள். எம்ஜிஎம் நிறுவனத்தின் ஏட்ரியன் வடிவமைத்தது. அது உடம்போடு வழிந்து இறங்குவதற்குக் காரணம் இறுக்கமான தையல் இல்லை, துணியை நூல் போகிற வாக்குக்கு 45 டிகிரி சாய்வில், கிராஸாக வெட்டியதுதான். பாரிஸில் மதலேன் வியோனே 1920களில் வளர்த்தெடுத்த முறை இது.

கிராஸில் வெட்டிய துணியில் பாவும் ஊடையும், அதாவது நீளவாட்டு நூலும் குறுக்குவாட்டு நூலும், சொந்தக் கனத்திலேயே சாய்ந்து நெருங்கும். நீளம் கூடும், அகலம் குறையும். ஜாக்கெட் கழுத்துக்கு கிராஸ் பீஸ் வைத்தவர்களுக்கு இந்த இழுபடும் குணம் தெரியும். ஆனால் அங்கே அது சின்னப் பட்டி. இங்கே தோளிலிருந்து தரைவரை மொத்த உடையும் அப்படித்தான். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்காது.

போன வருடம் ஒரு பெண் நல்ல பட்டு சாட்டின் வாங்கி வந்து, இரண்டாக மடித்துப் போட்டு வெட்டினாள். சாட்டின் வழுக்கும், அடி மடிப்பு நகர்ந்ததை அவள் கவனிக்கவில்லை. மாலையே ஓரத்தையும் மடித்து அடிக்கத் தொடங்கினாள். "தொங்க விடும்மா" என்றேன். "நாளைக்கு ஷூட் மேடம், நேரமில்லை" என்றாள். மறுநாள் பார்த்தால் ஓரம் இரண்டு பக்கமும் தரையில் புரள்கிறது, முன்னால் கணுக்கால் தெரிகிறது. ஒரு பக்கத் தையல் தொடையைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கே வந்துவிட்டது. ஓரத்தையாவது வெட்டிச் சமன் செய்யலாம், நீளம் போகும். சுற்றிக்கொண்ட தையலுக்கு வைத்தியமே கிடையாது. அவ்வளவு விலை கொடுத்த பட்டு! நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

துணியை ஒற்றையாக விரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வெட்டுங்கள். அகலம் குறையும் என்பதால் தையலுக்குத் தாராளமாக விடுங்கள். தைத்ததைப் பொம்மையில் மாட்டி இரண்டு நாளாவது தொங்க விடுங்கள். அப்புறம் உடுத்துகிறவரை அதே செருப்போடு நிற்க வைத்து, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் குறியுங்கள். ஷூட் நாளைக்கே என்றால் கிராஸ் கவுனை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்டில்லைப் பார்த்து நிறம் எடுப்பது

'ஜெசபெல்' (1938) படத்தில் பெரிய சண்டையே ஒரு சிவப்பு கவுனால்தான் வருகிறது. படமோ கறுப்பு வெள்ளை. வெள்ளை உடைகளுக்கு நடுவே தெரிந்த ஓர் இருண்ட சாயலைத்தான் ரசிகர்கள் சிவப்பாக எடுத்துக்கொண்டார்கள். கலர் படத்தையும் நம்ப முடியாது. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் டோரதியின் வெள்ளைச் சட்டை உண்மையில் வெளிர் ரோஸ். அன்றைய டெக்னிகலரில் சுத்த வெள்ளை கண்ணைக் கூசும். அதனால் உடை கேமராவுக்கா, மேடைக்கா என்று கேட்டுவிட்டு நிறத்துக்குப் போங்கள்.

உள்ளே ஒன்றும் வைக்காமல் விடுவது

'கில்டா' (1946) படத்தில் ரீட்டா ஹேவொர்த் அந்தக் கறுப்பு சாட்டின் கவுனில் ஆடுகிறார், தோளில் பட்டி இல்லை, கவுன் நழுவவும் இல்லை. அதை வடிவமைத்த ஜீன் லூயி மார்புக்குக் கீழே கெட்டி ரிப்பனும் கம்பிகளும் வைத்து, மேல் விளிம்பில் தீயில் இளக்கி வளைத்த பிளாஸ்டிக்கைப் பொருத்தியிருந்தார். முதலில் அந்த உள்கூட்டைச் செய்து, போட்டு ஆடிப் பாருங்கள். சாட்டினை அதற்குமேல் தைக்கலாம்.

ஹேங்கர்

ஹெம்மிங் முடிந்த கிராஸ் கவுனுக்கு ஆகாது. மடிப்புகளுக்கு நடுவே பழைய பருத்திப் புடவையைச் சுருட்டி வைத்து, பெட்டியில் படுக்கப் போடுங்கள்.